கவிழ்த்து வைத்த வாளி

கோயம்புத்தூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில், துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில், ஒரு கொக்கியில் மஞ்சள் பிளாஸ்டிக் வாளி ஒன்று தொங்குகிறது. மஞ்சள் என்று நான் சொல்வதால்தான் மஞ்சள். வெயில் பட்டுப் பட்டு வெளிறி இப்போது எந்த நிறத்தோடும் சேராமல் இருக்கிறது. கைப்பிடியின் ஒரு முனை உடைந்து, அந்த இடத்தில் மீன்பிடி நைலான் கயிறு கட்டியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, "இதைத் தூக்கிப் போட்ரலாமுங்களா" என்று எப்போது பால்கனியைக் கழுவினாலும் கேட்பார். என் கணவர் மட்டும் கேட்க மாட்டார். அதைத் தொட்டால் நான் என்ன ஆட்டம் ஆடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

வாளி போர்ட் பிளேயரிலிருந்து வந்தது. என் கணவர் அரசுப் பொறியாளர். அந்தமானுக்கு மாற்றல் வந்தபோது எனக்குச் சென்னையில் நல்ல வேலை இருந்தது. கெர்னல் எழுதுகிற வேலை. கணினியிலும் கைபேசியிலும் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து, யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எப்போது முறை என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மென்பொருள் அது. ஒழுங்காக ஓடுகிறவரை அது இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. நின்றுபோனால் மட்டும் பெயர் சொல்லித் திட்டுவார்கள். குடும்பம் நடத்துகிற பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிய என்னைப் பார்த்து உறவுக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். அந்தத் தீவில் போய் உனக்கு என்ன வேலை இருக்கும், தேங்காய் பொறுக்கவா என்று என் சித்தப்பா கேட்டார். நான் தேங்காய் பொறுக்கவில்லை. மேடத்திடம் போய்ச் சேர்ந்தேன்.

மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்த காலத்திலேயே தீவுக்கு வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் நடுநடுவே இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். பெங்களூரில் பல வருடம் பெரிய வேலை பார்த்துவிட்டு, தனியாக இருந்த அம்மாவுக்காகத் திரும்பி வந்தவர். குட்வில் எஸ்டேட்டில் சரிவான ஒரு சந்தில் அவர் வீடு. மாடியில் அம்மாவும் அவரும். கீழ்த்தளம் பட்டறை. வேலை கேட்டு நான் முதல்முதலாகப் போன காலையில் அவர் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் ஒரு ரப்பர் குழாயோடு நின்றார்.

"நீங்கதான் போன் பண்ணினவங்களா? அச்சா ஹுவா, வந்தீங்க. இந்தப் பைப்பைப் பிடிங்க. பானி வந்திருக்கு. டிரம் ரொம்பட்டும், அப்புறம் பேசலாம்."

சான்றிதழ் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குழாயைப் பிடித்தேன். அந்தச் சந்தில் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளிலும் கொஞ்ச நேரம்தான். ஆகவே வீட்டைச் சுற்றி, படிக்கட்டுக்கு அடியில், பட்டறைக்குள் கம்பி வயர்களுக்குப் பக்கத்தில்கூட நீல டிரம்கள். ஒரு டிரம்மிலிருந்து இன்னொன்றுக்குக் குழாயை மாற்றிக்கொண்டே மேடம் என்னிடம் கெர்னலைப் பற்றிக் கேள்வி கேட்டார். கேள்விகள் சுலபமில்லை. சென்னையில் கண்ணாடி அறையில் உட்காரவைத்து என்னைக் கேட்டவர்கள் ஒருவரும் அத்தனை ஆழமாகக் கேட்டதில்லை. கடைசி டிரம் நிரம்பியபோது என் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது, வேலையும் கிடைத்திருந்தது.

பட்டறையில் நாங்கள் மூன்றே பேர். மூன்றாமவர் தாதா, வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம். திக்லிபூர் பக்கத்து வங்காளி. வெல்டிங், வயரிங், கப்பலில் சரக்கு ஏற்றுவது எல்லாம் அவர். நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு பெட்டி. மீன்பிடிக்கப் போகிற டோங்கி என்ற மரப்படகுகளிலிருந்தும் சின்னப் படகுகளிலிருந்தும் வரும் குறுஞ்செய்திகளை வாங்கி, ஒழுங்குபடுத்தி, துறைமுகத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் அனுப்புகிற பெட்டி. எங்கே இருக்கிறேன், எஞ்சின் நின்றுவிட்டது, காற்று மாறுகிறது, திரும்புகிறேன் – அவ்வளவுதான் செய்தி. ஆனால் அது போய்ச் சேராவிட்டால் கரையில் ஒரு வீடு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும். ஓர் அலுவலகம் எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. பெட்டியைக் கேம்பல் பே துறையில் வைக்க வேண்டும், மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் அவர்கள் வந்து பார்ப்பார்கள், நிற்காமல் ஓடினால் மற்றத் தீவுகளுக்கும் எங்களிடமே வாங்குவார்கள். நின்றால் வேலை மேன்லேண்ட் கம்பெனிக்குப் போய்விடும்.

அப்படிப் போனால் என்ன ஆகும் என்பதை மேடம் முதல் வாரமே சொல்லிவிட்டார். பட்டறையைப் பூட்ட வேண்டும், பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். "அம்மா கப்பல்ல ஏற மாட்டாங்க, பிளேன்லயும் ஏற மாட்டாங்க. நான் மட்டும்தான் போகணும்," என்றார். மாடியில் அம்மா எவரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அநேகமாகக் காக்கையை.

பெட்டியின் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். உள்ளே நான்கு கோர்கள். நான்கு வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தி வந்தால் அதை வைக்க ஒரு துண்டு மெமரி வேண்டும். வேலை முடிந்ததும் துண்டைத் திருப்பித் தர வேண்டும். கொடுப்பதும் வாங்குவதும் கெர்னலின் பொறுப்பு. துண்டுகள் எல்லாம் ஒரு பொதுக் கிடங்கில் இருக்கின்றன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கையைவிட்டால் ஒரே துண்டை இருவரும் எடுத்து இரண்டு செய்தியும் நாசமாகிவிடும். அதனால் கிடங்குக்கு ஒரு பூட்டு. ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். நிற்பவரும் சும்மா நிற்பதில்லை. திறந்தாயிற்றா, திறந்தாயிற்றா என்று கதவை ஆட்டிக்கொண்டே நிற்பார். அந்த நேரமெல்லாம் வீண்.

இந்த ஒற்றைப் பூட்டுக் கிடங்கை எழுதியவள் நான். எனக்கு அது பிடித்திருந்தது. என் ஊர் விருதுநகர். தெருக்குழாயில் குடம் வைத்து வரிசை போட்டு வளர்ந்தவள். முதலில் வந்தவருக்கு முதலில், சண்டை போட்டாலும் முறை முறைதான். எவரும் ஏமாற்ற முடியாது, எவரிடமும் அளவுக்கு மீறித் தேங்காது. ஆனால் சோதனையில் குட்டு வெளிப்பட்டது. வானம் கறுத்தால் எல்லாப் படகும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கும். அப்போது நான்கு கோர்களும் வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. செய்தி எடுத்துவைக்க ஆளில்லாமல் பாதி கீழே கொட்டியது. மேடம் திரையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மேன்லேண்ட்காரி, நீங்க குழாயடியைக் கொண்டுவந்து பெட்டிக்குள்ள வச்சிட்டீங்க."

கோபம் வந்தது. சரியாகத்தான் சொன்னார் என்பதால் கூடுதலாக வந்தது.

பிறகு அவர் உட்கார்ந்து தன் வழியில் எழுதினார். ஒவ்வொரு கோருக்கும் தனி இருப்பு. பொதுக் கிடங்கின் பூட்டை ஒரு முறை திறந்து, ஒரு கட்டு துண்டுகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது. அதன்பின் எடுப்பதும் வைப்பதும் தன் இருப்பிலேயே. பூட்டும் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. டிரம் டிரம்மாக நிரப்பி வைத்துக்கொள்கிற அந்தச் சந்துதான் அது, வேறொன்றுமில்லை. வேகம் எகிறியது. எங்கள் மேசைமேல் செய்திகளை மழையாகக் கொட்டினோம், ஒன்றுகூடச் சிந்தவில்லை. அன்று தாதா சுர்மாய் மீன் வாங்கிவந்தார். எங்கள் ஊரில் வஞ்சிரம் என்போமே, அதுதான். அம்மா வறுத்துக் கொடுத்தார். பட்டறையில் வயர்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் என் தோல்வியையும் சேர்த்து மென்று விழுங்கினேன், மீன் அவ்வளவு ருசி.

சாப்பிட்டுக்கொண்டே ஒன்று கேட்டேன். ஒரு கோர் தன்னிடம் தேங்கியதைப் பொதுக் கிடங்குக்கு எப்போது திருப்பித் தரும்?

"எதுக்குத் தரணும்?" என்றார் மேடம். உண்மையாகவே புரியாமல் கேட்டார். "கையில வந்ததை யாராவது திருப்பி ஊத்துவாங்களா? அடுத்த தடவை எப்ப வரும்னு என்ன கேரண்டி?"

கப்பல் தாமதமானால் வெங்காயம் கடையில் இருக்காது, உருளைக்கிழங்கு இருக்காது. எந்த வீட்டில் மூட்டை இருக்கிறதோ அந்த வீட்டில் குழம்பு கொதிக்கும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, இருப்பு வைப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதே தோன்றாது. விருதுநகர்க்காரி எழுதியிருந்தால் அந்தத் தப்பு வந்திருக்காது. வேறு தப்பு வந்திருக்கும், ஏற்கெனவே வந்ததே. எங்கள் மேசையில் எல்லாம் நன்றாக ஓடியதால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

தாதா பெட்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு கேம்பல் பே போனார். கிட்டத்தட்டத் தீவுகளின் தென்கோடி. போய்ச் சேர நாட்கள் பிடிக்கும். அலுவலகத்துக்காரர்கள் வருவதற்குமுன் அங்கே கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் சில நாள் தாதாவின் குரலில் சந்தோஷம் இருந்தது. பிறகு ஒரு மதியம் போன் வந்தது. பெட்டி நின்றுவிட்டது, மெமரி இல்லை என்கிறது, அணைத்துவிட்டுப் போட்டால் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது.

மெமரி எங்கே போனது என்று பார்க்க நான் ஒரு சின்னக் கட்டளை எழுதி வைத்திருந்தேன். எந்தக் கோரிடம் எத்தனை துண்டு இருக்கிறது என்று அது காட்டும். அதை ஓட்டி வாசிக்கச் சொன்னேன். தாதா ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஏக் நம்பர், காலி. தோ நம்பர், தோடா. தீன் நம்பர், தோடா. சார் நம்பர்..." இழுத்து நிறுத்தினார். "மேடம், சாரா மால் இதர் ஹை." முதலாவது காலி, இரண்டிலும் மூன்றிலும் கொஞ்சம், சரக்கு முழுவதும் நான்காவதிடம் இருக்கிறது.

எனக்கு உடனே புரிந்தது. துறையில் வைத்த பெட்டியில் ரேடியோ செய்திகளை வாங்குவது முதல் கோர். செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டுத் துண்டைக் காலி செய்வது நான்காவது கோர். முதலாமவர் எடுத்துக்கொண்டே இருக்கிறார், நாலாமவர் வாங்கி வாங்கித் தன் இருப்பில் போட்டுக்கொண்டே இருக்கிறார். மேசைமேல் சோதித்தபோது எடுத்தவரே திருப்பி வைத்தார், அதனால் தெரியவில்லை. இங்கே துண்டுகள் ஒரே திசையில் நடந்து நாலாவது வீட்டில் போய்க் குடியேறிவிட்டன. பெட்டியில் மெமரி தாராளமாக இருந்தது. வேண்டியவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது மேடத்தின் முகம் சுருங்கியது. ஒத்துக்கொள்ளவில்லை. வேறெங்கோ கசிகிறது என்றார், தேடச் சொன்னார். கசியவில்லை, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றேன்.

"சேத்து வச்சது தப்புன்றீங்களா? திருடலையே."

"திருடலை மேடம். நாலாவது வீட்ல அரிசி மூட்டை கூரை முட்ட நிக்கிது. முத வீட்ல உலை வைக்க ஒரு பிடி இல்ல. இதுக்குப் பேரு சேமிப்பா?"

"அப்ப உங்க வரிசைதான் சரி. நின்னுக்கிட்டே இருங்க எல்லாரும். டோங்கி கவுந்தா கவுந்துரட்டும்."

அவருக்குப் பயம். பயத்தில்தான் பேசுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எனக்கு வாய் சும்மா இருக்காது. பெங்களூருக்கு டிக்கெட் போட்டுரட்டுமா என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன். வீட்டில் என் கணவர், "உனக்கு வேலை இருக்கா, போயிருச்சா?" என்றார். தெரியலை என்றேன்.

மறுநாள் காலையில் போன். மேடம் குரலில் ஒன்றுமே நடக்காத பாவனை. "பானி வந்திருக்கு. பிடிக்க ஆள் இல்ல." ஆள் இல்லாமல் என்ன, மாடியில் அம்மா இருக்கிறார். நானும் ஒன்றும் நடக்காத மாதிரி போனேன். அவர் ஒரு குழாய், நான் ஒரு குழாய். இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

அந்தச் சந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பைப்பில் தண்ணீர் ஏறாமல் போனவர்கள், மோட்டார் எரிந்தவர்கள், விருந்தாளி வந்து டிரம் காலியானவர்கள், மதில்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைப்பார்கள். வாயால் கேட்க மாட்டார்கள். எதிர்வீடு தெலுங்கு, பக்கத்து வீடு மலையாளம், அடுத்தது வங்காளம். கேட்பதென்றால் எந்தப் பாஷையில் கேட்பது என்று தொடங்கியதோ, கேட்டு வாங்கக் கூச்சப்பட்டுத் தொடங்கியதோ, தெரியாது. வாளி கவிழ்ந்திருந்தால், பார்க்கிறவர் கையில் தண்ணீர் இருந்தால், ஊற்றிவிட்டு வாளியை நிமிர்த்தி வைத்துவிடுவார். நன்றி சொல்கிற பழக்கமும் இல்லை. வாளி கவிழாத நாளில் எவரும் எவர் டிரம்மையும் எட்டிப் பார்ப்பதில்லை.

அன்று எதிர்வீட்டு மதிலில் ஒரு மஞ்சள் வாளி கவிழ்ந்திருந்தது. மேடம் மழை எப்போது பிடிக்கும் என்று என்னிடம் பேசிக்கொண்டே, குழாயோடு சந்தைத் தாண்டிப் போய், வாளியை நிமிர்த்தி நிரப்பினார், பக்கத்திலிருந்த அவர்கள் டிரம்மிலும் பாதி ஊற்றினார், திரும்பி வந்து தன் டிரம்மில் குழாயைப் போட்டார். பேச்சு அறுபடவே இல்லை.

"மேடம், அவங்க தண்ணி கேட்டாங்களா?" என்றேன்.

"என்ன கேக்குறீங்க? பால்டி கவுத்திருக்கே, தெரியல?"

"அதைத்தான் நாலாவது கோருக்குச் சொல்லிக் குடுக்கணும்னு நேத்துலேருந்து கத்துறேன்."

குழாயைப் பிடித்தபடி நின்றார். டிரம் நிரம்பி வழிந்து எங்கள் காலடியில் ஓடியது. மாடியிலிருந்து அம்மா, "அங்க என்ன சினிமா பாக்குறீங்க ரெண்டு பேரும், பானி போகுது," என்று போட்ட சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. மேடம் குழாயை அப்படியே போட்டுவிட்டுப் பட்டறைக்குள் ஓடினார். நான் குழாயை மூடிவிட்டு ஓடினேன். விருதுநகர்க்காரிக்குத் தண்ணீரை வழியவிட்டு ஓட வராது.

உள்ளே போனபிறகும் சண்டை தீரவில்லை, ஆனால் நல்ல சண்டை. நான் ஒரு கோடு போடலாம் என்றேன். இருப்பு கோட்டைத் தாண்டினால் மிச்சத்தை உடனே பொதுக் கிடங்கில் கொட்டிவிட வேண்டும். மேடம் முடியாது என்றார். கோடு தாழ்வாக இருந்தால் தேவையே இல்லாத நாளிலும் ஓடி ஓடிக் கொட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் பூட்டு, மறுபடி குழாயடிதான். கோடு உயரமாக இருந்தால் தேங்கும். அவர் சொன்னது சரி. கடைசியில் வாளியையே எழுதினோம். ஒரு கோரிடம் துண்டு தீர்ந்து, பொதுக் கிடங்கும் காலியானால், அது செத்துவிழாமல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைக்கும். எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒரு சின்ன அடையாளம். மற்றக் கோர்கள் தம் இருப்பில் ஒரு துண்டைத் திருப்பி வைக்கிறபோதெல்லாம் மதிலை ஒரு பார்வை பார்க்க வேண்டும். வாளி கவிழ்ந்திருந்தால், தன்னிடம் பாதிக்குமேல் இருந்தால், ஒரு கட்டுத் துண்டுகளைக் கிடங்கில் கொட்டிவிட்டு வாளியை நிமிர்த்திவிட வேண்டும். பார்ப்பதற்குப் பூட்டு வேண்டாம். கொட்டுவதற்கு மட்டும்தான் வேண்டும், அதுவும் அபூர்வமாக.

"நாலாம் வீட்டுக்காரன் ஊர்ல இல்லேன்னா? மதிலைப் பாக்க ஆளே இல்லேன்னா?" என்று நான் கேட்டேன்.

மேடம் யோசித்தார். "ஊருக்குப் போறவங்க சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போவாங்க, ஹை ந?" என்றார். ஆகவே வேலையில்லாமல் தூங்கப் போகிற கோர், தூங்குமுன் தன் இருப்பைக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டுத் தூங்கும் என்று எழுதினோம்.

மதிலைப் பார்க்கிற அந்த ஒரு பார்வைக்கும் விலை உண்டு. மேடத்தின் பழைய வேகம் கொஞ்சம் குறைந்தது. அதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். தன் பங்கில் மட்டும் கண்ணாக இருக்கிறவர் ஓடுகிற வேகத்தில் மற்றவரையும் பார்த்துக்கொண்டு ஓடுகிறவரால் ஓட முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் எல்லோரிடமும் கேட்டு நிற்கிறவரைவிட எவ்வளவோ வேகம். அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் என் தொழில், இன்றுவரை. எல்லா இடத்துக்கும் பொருந்துகிற பதில் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

புதிய கெர்னலைக் கேம்பல் பேக்கு அனுப்பினோம். அங்கே நெட் நொண்டியடித்தது. தாதா சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் கோப்பு போய்ச் சேர்ந்தது. அலுவலகத்துக்காரர்கள் வந்த அன்று நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, வானம் உண்மையிலேயே கறுத்துவிட்டது. படகுகள் எல்லாம் கரைக்குத் திரும்பிக்கொண்டே பேசின. நாங்கள் போர்ட் பிளேயரில் போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டோம். மழை இரைச்சலும் யாரோ அதிகாரியின் இருமலும்தான் கேட்டது. மேடம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடித்ததே அவருக்குத் தெரியாது. தாதா அவ்வப்போது ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "சல் ரஹா ஹை, மேடம்." ஓடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, ஓடுகிறது. ஒருமுறை முதல் கோர் காலி என்றார். உடனே, இல்லை இல்லை, வந்துவிட்டது என்றார். நாலாம் வீட்டுக்காரர் மதிலைப் பார்த்துவிட்டார்.

அதிகாரி போனை வாங்கி, நீங்கள் முதலில் சொன்ன வேகம் இதில் இல்லையே என்றார். மேடம், "கம்மிதான் சார். ஆனா நிக்காது," என்றார். அவர் ம் என்றார். அந்த ம்-இல்தான் எங்கள் பட்டறை பிழைத்தது. மேடம் மாடிப்படியில் ஏறிப்போய் அம்மாவிடம் சொன்னார். அம்மா கேட்ட முதல் கேள்வி, அப்படியானால் இன்னும் டிரம் வாங்கலாமா என்பது.

பிறகு சில வருடம் நன்றாகப் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சந்தோஷமாக இருந்த வருடங்களைப் பற்றி என்ன சொல்வது? பெட்டிகள் மற்றத் துறைகளுக்கும் போயின. நான் இந்தி கற்றுக்கொண்டேன், மேடம் என்னிடம் விருதுநகர் வசவு இரண்டு கற்றுக்கொண்டார். அப்புறம் என் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது.

நான் போனால் கெர்னலைப் பார்க்க ஆள் கிடையாது. மேன்லேண்டிலிருந்து ஒருவரை வரவழைப்பது எத்தனை கஷ்டம் என்று இருவருக்கும் தெரியும். பட்டறையின் தலைமேல் மறுபடியும் அதே கத்தி. அங்கிருந்தே வேலை பாருங்கள் என்று மேடம் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சாமான் கட்ட டிரம் வேண்டுமா என்று கேட்டார். கப்பலில் போட்டால் உடையாது, இறுக்கிக் கட்டுங்கள் என்றார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. என்னைத் தேவையே இல்லையா என்று என் கணவரிடம் அழுதேன். நீயே கேட்டுவிடேன் என்றார் அவர். நான் கேட்பேனா?

கிளம்புகிற காலையில் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் டாக்சியைச் சந்து முனையில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அன்று தண்ணீர் வந்த நாள். சந்து முழுக்க ஈரம், எல்லார் வீட்டிலும் டிரம்கள் விளிம்புவரை நிரம்பி நின்றன. மேடம் வீட்டு டிரம்களும்தான். பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. மேடம் வீட்டு மதில்மேல் ஒரு மஞ்சள் வாளி கவிழ்ந்திருந்தது.

எதிர்வீட்டார் தவறி வைத்தார்களோ என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு பட்டறை ஜன்னல் திரை லேசாக அசைந்ததைப் பார்த்தேன். வாளியை எடுத்தேன், அவர் டிரம்மிலேயே முக்கி விளிம்புவரை மொண்டேன், கதவுப் படியில் நிமிர்த்தி வைத்தேன். வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் என் சேலையில் கொட்டியது, வேலை கேட்டு வந்த நாளைப் போலவே.

கதவு திறந்தது. மேடம் வாளியைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"மேன்லேண்ட்ல நெட் நல்லா இருக்கும்னு சொல்றாங்க."

"நல்லா இருக்கும் மேடம்."

"அப்ப டீக் ஹை," என்றார். பிறகு, "அந்தப் பால்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. ஓட்டை பால்டிதான். எதிர்வீட்ல சொல்லிட்டேன்."

விமானத்தில் பிளாஸ்டிக் வாளியோடு ஏறினேன். பணிப்பெண் பார்த்த பார்வையை என் கணவர் இன்றும் நடித்துக் காட்டுவார். ஓட்டை எல்லாம் கிடையாது, சும்மா சொன்னார்.

இப்போதும் நான் அந்தப் பட்டறையில்தான் வேலை பார்க்கிறேன், கோயம்புத்தூரிலிருந்து. இங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர். ஒரு முறை எங்கள் கட்டடத்து மோட்டார் கெட்டபோது, பழக்கதோஷத்தில் வாளியைப் பால்கனிச் சுவரில் கவிழ்த்து வைத்தேன். அடுத்த வீட்டம்மா மணியடித்து, "உங்க பக்கெட்டு கீழ விழுந்துரப் போகுதுங்க," என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் கொக்கியில் மாட்டியதுதான்.

மேடம் எனக்கு வேலை என்று எழுதி அனுப்புவதில்லை. சின்னச் சின்ன விஷயங்களுக்கு நிறையப் பேசுவார், அம்மா திட்டியது, கப்பல் வராதது. ஆனால் பெட்டி ஏதாவது ஒன்று எங்கேயாவது மக்கர் செய்து, தன்னால் ஆகவில்லை என்றால், ஒரு புகைப்படம் மட்டும் வரும். குட்வில் எஸ்டேட் மதில், அதன்மேல் கவிழ்ந்த வாளி. எழுத்து ஒன்றும் இருக்காது. இதை வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று ஒரு நாள் அலுத்துப்போய்க் கேட்டேன். "கேட்டா நீங்க யோசிப்பீங்க," என்றார். "கவுத்து வச்சா ஊத்துவீங்க."

இன்று காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. மதில் ஈரமாக இருந்தது, அங்கே மழை தொடங்கிவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வாளி சிவப்பு. நான் கொக்கியிலிருந்து மஞ்சள் வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தேன். நிரம்பியதும் பால்கனித் தரையில் நிமிர்த்தி வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். வேலைக்கார அக்கா பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரில் அவர் பால்கனியைக் கழுவத் தொடங்கினார், எந்தப் பெட்டி நின்றது என்று கேட்க நான் தாதாவுக்குப் போன் போட்டேன்.